காசிமேட்டு வண்டியின் பின் வலது போல்ட்: இறுகிப்போன சஸ்பென்ஷன் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 2014 மாடல் சின்ன ஹேட்ச்பேக், பெட்ரோல். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுதி), பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஓனர் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுபவர். வண்டி நிற்பது ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. புகார் இரண்டு. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது பின்னால் ‘டொக்’ என்று அடிக்கிறது. லோடு இல்லாதபோதும் வண்டி வலது பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது.

தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே ஓடும் வண்டிகளில் போல்ட் துருப்பிடித்து இறுகுவது அன்றாடச் சங்கதி. இந்த வண்டியை எழுதி வைப்பதற்குக் காரணம் வேறு. இடது ஷாக்கின் கீழ் போல்ட் ஒரே இழுப்பில் கழன்றது, வலது போல்ட் அசையவே இல்லை. வண்டி ஒன்று, வயது ஒன்று, அடிக்கும் கடல் காற்றும் ஒன்றுதான். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி?

தூக்கிப் பார்த்தபோது

வலது ஷாக்கில் ஆயில் கசிவு. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் ஒரு துண்டு உடைந்து, உட்காரும் கிண்ணத்திலேயே கிடந்தது; சாய்வுக்குக் காரணம் அதுதான். டார்ஷன் பீமை பாடியோடு சேர்க்கும் வலது புஷ்ஷின் (ரப்பர் பொதிந்த இணைப்பின்) ரப்பர் பாதி கிழிந்திருந்தது. ‘டொக்’ சத்தம் அங்கிருந்து வந்தது.

அடிப்பகுதி முழுக்க சில வருடங்களுக்கு முன் தார் கலந்த அண்டர்பாடி கோட்டிங் அடித்திருந்தார்கள். மேலே பார்க்கக் கருப்பாக, நன்றாகத்தான் இருந்தது. வலது பிராக்கெட் பக்கம் மட்டும் அங்கங்கே உப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியை நுழைத்து நெம்பினால் கோட்டிங் தோலாக உரிந்து வந்தது. அடியில் அடுக்கடுக்காகத் துரு, அதுவும் ஈரத்தோடு. மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்த நேரம் அது.

போல்ட்டைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது பீம் தாங்குமா என்பதை. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘கணீர்’ என்று கேட்கும், மெலிந்த இடம் ‘பொத்’ என்று அடங்கும். ஸ்பிரிங் உட்காரும் இடம், ஷாக் பிராக்கெட், புஷ் கூடு மூன்றையும் கூர்மையான கம்பியால் குத்தியும் பார்த்தோம். குழி விழுந்திருந்ததே தவிர ஓட்டை இல்லை. ஓட்டை இருந்திருந்தால் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் போய் வேறு பீம் பார்த்திருப்பேன். டார்ஷன் பீமின் நடுப்பகுதி முறுகி முறுகித் திரும்புவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அங்கே வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டின் ஓரத்திலேயே பிறகு விரிசல் விடும். பட்டி அடித்து வெல்டு வைத்துப் பெயின்ட் பூசிய பீம்கள் சந்தைக்கு வரத்தான் செய்கின்றன, பார்த்து வாங்க வேண்டும்.

எங்கே பிடித்திருக்கிறது?

இறுகிய போல்ட் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அது மரையில் இறுகியிருக்கலாம், புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்பு ஸ்லீவில் (குழலில்) இறுகியிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சாக்பீஸை எடுத்து போல்ட் தலையிலும் ஸ்லீவின் விளிம்பிலும் ஒரே நேர்க்கோடு போட்டேன். நீளமான பாரைப் போட்டு இழுத்தால் போல்ட் கொஞ்சம் திரும்புகிறது, விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. கோடு கலையவில்லை. ஸ்லீவும் சேர்ந்தே திரும்புகிறது, ரப்பர் முறுகித் திரும்பத் தள்ளுகிறது. மரை விட்டுக்கொடுக்கிறது என்று நினைத்து இந்த இடத்தில் பைப் போட்டு ஏறி மிதித்தால் போல்ட் கழுத்தில் முறியும், அல்லது பிராக்கெட்டின் பின்னால் வைத்திருக்கும் வெல்டு நட்டு பிய்ந்து, பெட்டி போல மூடிய தகட்டுக்குள் சுற்ற ஆரம்பிக்கும். அப்படி ஆகிவிட்டால் பாடியில் ஜன்னல் வெட்டித்தான் நட்டைப் பிடிக்க முடியும்.

ஸ்லீவுக்குள் ஏன் இவ்வளவு இறுக்கம் என்றால், அந்த இடைவெளி மிகக் குறுகலானது. உப்புத் தண்ணீர் உள்ளே ஊறிப் போகும், காற்று போகாது. ஆக்சிஜன் குறைந்த உள்பகுதி அரிபட ஆரம்பிக்கும். உப்பிலிருக்கும் குளோரைடு அங்கேயே சேர்ந்து அந்த ஈரத்தை அமிலமாக்கும். அமிலம் இன்னும் வேகமாக அரிக்கும். உண்டாகும் துரு, தின்ற இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். வெளியே போக வழி இல்லை. போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே ஆப்பு அடித்தது மாதிரி உட்கார்ந்துவிடும்.

கழற்றிய விதம்

முதல் வேலை சுத்தம். சேறு, தார், உதிரும் துரு எல்லாவற்றையும் வயர் பிரஷ்ஷால் எடுத்தோம், குறிப்பாக வெல்டு நட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரையை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த வால் பகுதியின் துருவோடுதான் போல்ட் நட்டுக்குள் பின்வாங்கி வர வேண்டும். பாதி வழியில் மறுபடி இறுகுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

பிறகு துருவுக்குள் ஊறும் பெனட்ரேட்டிங் ஆயில். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே முக்கியமாக ஈரத்தை விரட்டுவதற்கானது, ஆழமாக ஊற அதற்கு வலு போதாது. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊற்றிவிட்டு உடனே ஸ்பேனரை எடுத்தால் பயனில்லை. சாயங்காலம் ஊற்றி, தலையில் நேராகச் சில தட்டுத் தட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மறுபடி ஊற்ற வேண்டும். அந்தத் தட்டுதான் துருவில் மயிரிழை விரிசல் போட்டு ஆயிலுக்கு வழி விடுகிறது. அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும், அதனால் இந்தக் கலவை நனைந்திருக்கும்வரை பக்கத்தில் கேஸ் டார்ச் கிடையாது.

இடது புஷ் போல்ட் இதற்கே மசிந்தது. அறுமுனை சாக்கெட் போட்டு முதலில் சற்றே முறுக்கி, பிறகு தளர்த்தி, கால் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று கொண்டுவந்தோம். துருத் தலையில் பன்னிரு முனை ரிங் ஸ்பேனர் போட்டால் மூலை வழுக்கித் தலை உருண்டையாகிவிடும்.

வலது பக்கம் வந்தபோது ஓனர் பொறுமை இழந்துவிட்டார். “இன்னா தம்பி, ஒரு போல்ட்ட கழட்ட ரெண்டு நாளா? கேஸ வெச்சு கொளுத்தி வுடு, தன்னால வந்துரும்.”

“அண்ணே, அதுக்கு மேல இருக்கறது பெட்ரோல் டேங்க்கு.”

அவர் சொன்னதில் அறிவியல் உண்டு. இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் அளவில் கோடியில் சுமார் 120 பங்கு விரியும். 12 மி.மீ. துளையைச் சுற்றி 400 டிகிரி ஏற்றினால் துளை கிட்டத்தட்ட 0.06 மி.மீ. அகலும். துருவின் பிடி விட அது போதும். ஆனால் சுட வேண்டியது வெளியே இருக்கும் பாகத்தை. போல்ட்டைச் சுட்டால் போல்ட் விரிந்து இன்னும் இறுகும். அதோடு ஷாக் அப்சார்பருக்குள் அழுத்தத்தில் கேஸும் ஆயிலும் இருக்கின்றன. அதைச் சூடாக்கினால் வெடிக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சுடுவது அதைவிட மோசம். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் சூட்டில் வரும் புகையே விஷம்.

அதனால் ஷாக்கில் நெருப்பே வைக்கவில்லை. எப்படியும் அது மாற்றப்போகும் ஷாக். கீழ்க் கண்ணின் ரப்பரை அறுத்து எடுத்து ஷாக்கை முழுசாகக் கழற்றி ஓரம் வைத்தோம். போல்ட்டின் மேல் ஸ்லீவ் மட்டும் நின்றது. மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் ஸ்லீவில் நீளவாக்கில் ஒரு கீறல், போல்ட்டைத் தொடாத ஆழத்துக்கு. உளியை வைத்து ஒரு தட்டு. ஸ்லீவ் வாய் பிளந்ததும் போல்ட்டுக்கு இருந்த பிடியில் முக்கால்வாசி போயிற்று. மிச்சம் மரையில்தான். முன்னே பின்னே ஆட்டியதில் வெல்டு நட்டுக்குச் சேதம் இல்லாமல் வந்துவிட்டது.

புஷ் போல்ட்டுக்கு அந்த வசதி இல்லை, அது இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை இறக்கி வெளியே வைத்த பிறகுதான் அதில் கை வைத்தோம். புஷ்ஷின் ரப்பர் விளிம்பைச் செதுக்கி, ஸ்லீவுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஹேக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தோம். 10.9 கிரேடு போல்ட், அதாவது உயர் வலிமை எஃகு; பிளேடைத் தின்னும். பீம் கீழே இறங்கியது. நட்டுப் பக்கத்தில் மிஞ்சிய கட்டையின் முகத்தில் ஒரு புது நட்டை வைத்து உள்ளே வெல்டு நிரப்பினோம். அந்தச் சூடு கட்டையை விரியவைத்து, ஆறும்போது சுருங்கவைக்கும். துருவின் பிடி அப்போதுதான் உடைகிறது. தொடும் சூட்டுக்கு ஆறவிட்டு ஸ்பேனர் போட்டதும் திரும்பியது. மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் டேப் விட்டு வெட்டவில்லை. பழைய நல்ல போல்ட் ஒன்றில் நீளவாக்கில் காடி கீறி, ஆயில் விட்டு ஓட்டி எடுத்தோம். துரு காடியில் சேரும், மரை தேயாது.

பழைய புஷ்ஷைத் தள்ளவும் புதியதை ஏற்றவும் பக்கத்து லேத்துப் பட்டறையின் பிரஸ். புஷ்ஷில் திசைக் குறி இருக்கும், கழற்றும் முன் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் வலது பக்கம் மட்டும்

டேங்க்கை இறக்கியபோதுதான் மேலிருந்து தண்ணீர் ஒழுகிய தடம் தெரிந்தது. டிக்கியின் தரைத் தகட்டில், வலது மூலையில், ரப்பர் அடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை. அங்கிருந்து வெள்ளையும் பழுப்புமாக ஒரு கறை பிராக்கெட்டின் மேல் இறங்கி, பீம் வழியாக ஷாக் போல்ட் வரை போயிருந்தது. டிக்கியில் ஐஸ் பெட்டி வைப்பது எந்தப் பக்கம் என்று கேட்டேன். வலது பக்கம்தான், ஓட்டல் வாசலில் இறக்க அதுதான் வசதியாம். ஐஸ் என்னவோ நல்ல தண்ணீர்தான். ஆனால் மீனோடு வருவது கடல் நீர், பெட்டியைத் துறைமுகத்தில் அலசுவதும் பெரும்பாலும் கடல் நீரில். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அது சொட்டுச் சொட்டாகத் தினமும் ஒரே போல்ட்டின் மேல்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெயிலில் காய்ந்துவிட்டால் துரு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கூடவே இருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அதைச் செய்யும். சென்னையில் இரவில் 75ஐத் தாண்டாத மாதம் அபூர்வம். மே மாத அக்னி நட்சத்திரத்திலும் அந்த பிராக்கெட் ஒவ்வொரு விடியலிலும் நனைந்துதான் இருந்திருக்கும். உப்பி நின்ற தார் கோட்டிங் அந்த ஈரத்தைப் பகலிலும் காயவிடவில்லை. நனைந்த துருவின் மேல் அடிக்கும் தார் கோட்டிங், அடிக்காமல் விடுவதைவிடக் கெடுதல் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடும் சக மெக்கானிக்குகள் உண்டு.

அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை நிமிர வைத்தது. “வாரா வாரம் வாட்டர் சர்வீஸ் வுடறேன் தம்பி, அடில நல்லா அடிக்க சொல்லுவேன்.” எங்கே என்று கேட்டு, அந்த இடத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவரச் சொன்னேன். போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால், குடிநீருக்கு வேறு வழியே இல்லாதபோது இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் லிட்டருக்கு 2000 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டி நின்றது. வடசென்னைக் கடற்கரையோரம் இது புதிதல்ல. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் நீர் உள்ளே ஏறியது அரை நூற்றாண்டாகப் பேசப்படும் கதை. வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்பவர், உப்புத் தண்ணீரைப் பிரஷரில் ஒவ்வொரு இடுக்கிலும் வாரம் தவறாமல் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் லிங்க் ராடு (வண்டியின் சாய்வைக் கட்டுப்படுத்தும் கம்பியை இணைக்கும் தண்டு) நட்டுகள் ஒரே அளவு துருப்பிடித்திருந்ததற்கு அதுவே விளக்கம். கடல் காற்றை மட்டும் குற்றம் சொன்னால் இந்த வண்டியின் கணக்கு சரிவராது; காற்றில் வரும் உப்பு அலையை விட்டு விலக விலகச் சடசடவென்று குறைந்துவிடும். நாம் ஊற்றும் தண்ணீரில் வருகிற உப்புக்கு அந்த வரம்பு கிடையாது.

திரும்பப் பூட்டியது

புஷ், ஷாக், ஸ்பிரிங் மூன்றும் இரண்டு பக்கமும் சோடியாக மாற்றினோம். நெருப்பு பட்ட போல்ட் எதையும் திரும்பப் போடக் கூடாது, சூட்டில் 10.9 கிரேடின் பதம் போய்விடும். செம்புதாஸ் தெருவில் ஸ்டெயின்லெஸ் போல்ட் சுலபமாகக் கிடைக்கும், ‘துருவே பிடிக்காதே’ என்று தோன்றும். சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவலிமை 700 மெகா பாஸ்கல், 10.9க்கு 1000. தவிர, உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ்ஸோடு ஒட்டியிருக்கும் சாதா இரும்பு பிராக்கெட் முன்னைவிட வேகமாக அரிபடும். கம்பெனி போல்ட்டே போட்டோம்.

இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை போல்ட்டின் வழவழப்பான தண்டில், ஸ்லீவுக்குள் இருக்கும் நீளத்துக்கு மட்டும் தடவினோம். மரையில் தடவினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். மேனுவலில் சொல்லும் டார்க் காய்ந்த மரைக்கானது.

இறுதி முறுக்கு, வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான். தூக்கிய நிலையில் பீம் தொங்கும். அப்போதே புஷ் போல்ட்டை இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ்நாள் முழுக்க நிற்கும். புதுப் புஷ் ஒரே வருடத்தில் கிழிந்தது என்று வரும் புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இனி என்ன செய்வது

அண்ணனின் மைத்துனர் போட் இன்ஜின் மெக்கானிக். அவர் ஒரு யோசனை சொன்னார்: “போட்டுக்கு அடில ஜிங்க் கட்டி அடிக்கிறோமில்ல, அதே மாரி இதுக்கும் ஒண்ணு போட்டு வுடேன்.” நல்ல கேள்வி. படகு தண்ணீருக்குள் நிற்கிறது. துத்தநாகக் கட்டிக்கும் இரும்புக்கும் நடுவே கடல் நீர் வழியாக மின்சாரம் ஓடுவதால், கட்டி கரைந்து இரும்பைக் காக்கிறது. காரின் அடியில் அந்தத் தொடர்ச்சியான தண்ணீர் இல்லை. கட்டி தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் காத்தால் அதிகம். அதே துத்தநாகம் பாகத்தின் மேலேயே பூச்சாக இருந்தால் வேலை செய்யும். அதனால் பிராக்கெட்டைத் துரு போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பெடுத்து, ஒரு நாள் காயவிட்டு, ஜிங்க் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட், அதற்கு மேல் மெழுகு வகைக் கோட்டிங். மெழுகு காய்ந்து வெடிக்காது, கீறல் பட்டாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். குறை என்னவென்றால் வருடம் ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். ஸ்பிரிங்கிலும் போல்ட்டிலும் அமிலம் கலந்த துரு நீக்கும் திரவம் படக் கூடாது. அவ்வளவு கடினமான எஃகு ஹைட்ரஜனை உள்வாங்கித் திடீரென்று முறியும்.

கழித்த இன்ஜின் ஆயிலை அடியில் அடித்துவிடுவது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். இரும்புக்குச் சரி, ரப்பருக்கு ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவு கலந்து வந்த பிறகு, எங்களிடம் வந்த சில வண்டிகளில் புஷ்கள் ஊறிப் பெருத்துப் பிதுங்கியிருந்தன. அதைப் பார்த்தவர்கள் இந்த வைத்தியத்தைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

டிக்கித் துளைக்குப் புது ரப்பர் அடைப்பு போட்டாயிற்று. ஐஸ் பெட்டிக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு வைத்தாயிற்று. வாட்டர் சர்வீஸை நிறுத்தச் சொல்லவில்லை. சேறு போக அந்த பிரஷர் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மெட்ரோ (குடிநீர் வாரியத்) தண்ணீரில் இரண்டு வாளி, பின் வலது சக்கரத்துக்கு உள்பக்கம் தொடங்கி நான்கு சக்கரத்துக்கும் ஊற்றச் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். “குடிக்கவே லாரித் தண்ணி, இதுல காருக்கு வேறயா?” கடைசியில் ஒரு வாளிக்கு ஒப்புக்கொண்டார், அதுவும் பின்பக்கத்துக்கு மட்டும்.

அடுத்த மழைக்காலம் முடிந்து வண்டி வந்தபோது, வலது ஷாக் போல்ட்டை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தோம். சாதாரண ராட்செட்டில் வந்தது. தண்டில் பேஸ்ட் அப்படியே இருந்தது, பிராக்கெட்டின் மேல் விளிம்பில் மட்டும் மெழுகு தேய்ந்து பொட்டுப் பொட்டாகத் துரு. அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி பூசினோம். முன் லிங்க் ராடு நட்டுகள் முன்னைவிட மோசம், வாளித் தண்ணீர் அங்கே போகவில்லை. அவற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டிக்கு வேலை குறையும், அப்போது விடுவதாகச் சொன்னார்.